அடுத்து வாங்குபவர் யார்? சிங்கப்பூரும் கிரிப்டோவும்

பிட்காயினுக்கு வட்டி கிடையாது, வாடகை கிடையாது, லாப ஈவும் கிடையாது. ஒருவர் அதை வாங்கி வைத்துவிட்டுப் பத்து வருடம் கழித்துத் திறந்து பார்த்தாலும் வாங்கிய அளவுதான் இருக்கும். அது குட்டி போடாது. லாபம் வரவேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு: கொடுத்த விலையைவிட அதிகம் கொடுத்து வாங்க இன்னொருவர் வரவேண்டும். பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்கள் நல்ல முதலீடா, ஊதிப் பெருத்த குமிழியா என்ற கேள்வி அந்த இன்னொருவரைச் சுற்றியேதான் வருகிறது.

முதலீடு என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஒரு கடைவீடு இருந்தால் மாதாமாதம் வாடகை வரும். வங்கிப் பங்கு இருந்தால் அந்த வங்கி கடன் கொடுத்துச் சம்பாதித்ததில் ஒரு பங்கு ஈவாக வரும். அரசாங்கச் சேமிப்புப் பத்திரத்துக்கு அரசாங்கம் வட்டி தரும். இவற்றின் விலை ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே ஒரு வருமானம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வருமானத்தை வைத்து இது இவ்வளவு பெறும் என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். பிட்காயினுக்கு அப்படிக் கணக்குப் போட எதுவும் இல்லை. 10,000 டாலர் மலிவு என்று சொல்பவருக்கும் ஒரு லட்சம் டாலர் மலிவு என்று சொல்பவருக்கும் ஒரே அளவு ஆதாரம்தான் கையில் இருக்கிறது.

உடனே வரும் பதில், தங்கத்துக்கும் வட்டி கிடையாதே என்பது. நியாயமான பதில்தான். லிட்டில் இந்தியாவில் இதைவிடச் சரியான ஒப்பீடு கிடைக்காது. தேக்கா சந்தையிலிருந்து முஸ்தபா கடை வரை நடந்தால் வழிநெடுக நகைக்கடைகள். வாசலிலோ கல்லாவுக்குப் பின்னாலோ அன்றைய விலைப் பலகை இருக்கும்: 916 தங்கம், கிராம் இவ்வளவு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 916 என்றால் ஆயிரம் பங்கில் 916 பங்கு சுத்தத் தங்கம், ஊரில் 22 காரட் என்று சொல்வது. பழைய சங்கிலி ஒன்றைக் கொண்டு போனால் கடைக்காரர் உரசிப் பார்ப்பார், தராசில் வைப்பார், எண் வரும், பலகை விலையால் பெருக்குவார். செய்கூலியும் வரியும் திரும்பி வராது, ஆனால் உலோகத்தின் எடை அப்படியே கணக்கில் வரும். அவசரம் என்றால் அடகுக் கடையில் அன்றைக்கே காசாகும். கல்யாணம் என்றால் கழுத்தில் ஏறும். பிட்காயினை "டிஜிட்டல் தங்கம்" என்று அழைப்பவர்கள் தங்கத்தின் ஒரு குணத்தை, எளிதில் பெருகாது என்பதை, மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அணியும் ஆசை, கோயில், சடங்கு, தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை, மின்னணு ஆலைகளில் உள்ள தேவை என்று தங்கத்தை வாங்க வருபவர்கள் பல காரணங்களோடு வருகிறார்கள். பிட்காயினை வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் விலை ஏறும் என்ற ஒரே காரணத்தோடு வருகிறார்கள்.

தங்கத்தையும் கண்ணை மூடி நம்பலாம் என்று இதற்குப் பொருள் கிடையாது. 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 அமெரிக்க டாலர் வரை போன தங்கம் 2001 வாக்கில் 260 டாலருக்கும் கீழே கிடந்தது. பழைய உச்சத்தைத் திரும்பத் தொட 2008 ஆயிற்று. உச்சத்தில் வாங்கியவர் 28 வருடம் காத்திருந்தார். விளைச்சல் இல்லாத எந்தப் பொருளுக்கும் இந்த ஆபத்து உண்டு. பிட்காயினில் இதே ஆபத்து பல மடங்கு வேகத்தில் வருகிறது.

அந்த வேகத்தைப் பார்க்க பிட்காயினின் கதையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் யாரோ ஒருவர், அல்லது ஒரு குழு, 2008 அக்டோபர் 31 அன்று ஒன்பது பக்கக் கட்டுரையாக இதன் திட்டத்தை வெளியிட்டார். 2009 ஜனவரி 3 அன்று பேரேட்டின் முதல் தொகுதி (பிளாக்) உருவானது. வங்கி என்ற நடுவர் இல்லாமல், உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் சேர்ந்து ஒரே பேரேட்டைப் பராமரிக்கின்றன. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்பது அதில் ஏறிவிட்டால் அழிக்க முடியாது. மொத்தம் 2.1 கோடி நாணயம்தான் வரும், அதற்கு மேல் ஒன்றுகூட வராது என்று நிரலிலேயே எழுதியிருக்கிறது. ஏறத்தாழ நான்கு வருடத்துக்கு ஒருமுறை புது நாணயம் வரும் அளவு பாதியாகும். கடைசியாக 2024 ஏப்ரலில் பாதியானது. இது சாமர்த்தியமான கண்டுபிடிப்பு, அதில் சந்தேகமே வேண்டாம். பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பேரேட்டில் யாரும் எழுதிய பொய்க்கணக்கு நிலைத்ததில்லை.

விலைக்கு வருவோம். 2013 கடைசியில் ஆயிரம் டாலரைத் தாண்டிய பிட்காயின் 2015 தொடக்கத்தில் 200 டாலர் அளவுக்கு விழுந்தது. 2017 டிசம்பரில் ஏறத்தாழ 20,000 டாலர், ஒரு வருடத்தில் 3,200 அளவு. 2021 நவம்பரில் 69,000, அடுத்த நவம்பரில் 16,000க்கும் கீழே. 2025 அக்டோபரில் 1,26,000 டாலரைத் தொட்டு, நவம்பரிலேயே 90,000க்குக் கீழே இறங்கியது. குமிழி என்றால் ஒருமுறை வெடித்தபின் முடிந்துபோகும். இது குறைந்தது மூன்று முறை முக்கால் பங்குக்கு மேல் இழந்தும் திரும்ப எழுந்திருக்கிறது. ஆகவே குமிழி என்ற ஒற்றைச் சொல்லில் பிட்காயினை முடித்துவிட முடியாது. அதைக் கறாராகச் சொல்லி வந்தவர்கள் பலமுறை தவறிப் போயிருக்கிறார்கள். ஆனால் எழுந்தது பிட்காயினும் அதோடு இன்னும் சிலவும் மட்டுமே. கூடவே பிறந்த ஆயிரக்கணக்கான நாணயங்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன.

இந்த எண்களை ஒரு சம்பளக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு படம் தெரியும். 2021 நவம்பர் உச்சத்தில் 1,000 டாலருக்கு பிட்காயின் வாங்கியவரிடம் ஒரு வருடம் கழித்து ஏறத்தாழ 225 டாலர் இருந்தது. அந்த நேரத்தில் ஊரில் தங்கை கல்யாணம், அல்லது அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. விற்றார், 775 டாலர் போயிற்று. அதே நாளில் அதே விலைக்கு வாங்கிய இன்னொருவருக்கு அவசரம் எதுவும் வரவில்லை. 2025 அக்டோபர் வரை கையை வைக்காமல் இருந்திருந்தால் அவரிடம் 1,800 டாலருக்கு மேல் இருந்திருக்கும். நாணயம் ஒன்று, நாள் ஒன்று. எப்போது விற்பது என்பதைத் தீர்மானிக்கும் வசதி ஒருவருக்கு இருந்தது, இன்னொருவருக்கு இல்லை. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்ப்பவருக்கு அந்த வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. செலவு அவரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கிரிப்டோவின் லாபக் கதைகளில் இந்த ஒரு விஷயம் எப்போதும் விடுபட்டுப்போகிறது. நீண்ட காலம் வைத்திருந்தால் லாபம் என்பது, நீண்ட காலம் தொடாமல் இருக்க முடிந்தவருக்கு மட்டுமே பொருந்தும்.

விலை ஒரு ஆபத்து என்றால், நாணயம் யார் கையில் இருக்கிறது என்பது இன்னொன்று. சிங்கப்பூர் 2022-இல் இதை மிக நெருக்கத்தில் பார்த்தது.

அந்த வருடம் மே மாதம் டெர்ரா என்ற கிரிப்டோ திட்டம் சரிந்தது. அதை நடத்திய டெர்ராஃபார்ம் லேப்ஸ் சிங்கப்பூரில் பதிவான நிறுவனம், நிறுவனர் தென்கொரியாவின் டோ குவான். அவர்களிடம் இரண்டு நாணயங்கள் இருந்தன. யுஎஸ்டி என்பது எப்போதும் ஒரு அமெரிக்க டாலர் மதிப்பில் நிற்கும் என்றார்கள். லூனா என்பது ஏறி இறங்கும். ஒரு யுஎஸ்டியைக் கொடுத்தால் ஒரு டாலர் மதிப்புள்ள லூனா கிடைக்கும் என்பதுதான் அந்த ஒரு டாலர் வாக்குக்கு ஆதாரம். பின்னால் டாலர் கையிருப்பு நிற்கவில்லை, இன்னொரு நாணயத்தின் மேல் இருந்த நம்பிக்கைதான் நின்றது. யுஎஸ்டியை ஆங்க்கர் என்ற தளத்தில் போட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு வட்டி.

இந்த வட்டியைக் கட்டுவது யார்? அந்தக் காலத்தில் சிங்கப்பூரின் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் உட்கார்ந்து கடன் கொடுத்த நகரத்தார் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. அவர்கள் வாங்கிய வட்டிக்குப் பின்னால் ஒரு ரப்பர் தோட்டமோ ஒரு கடையோ சம்பாதித்துக்கொண்டிருந்தது. ஆங்க்கரில் கடன் வாங்கியவர்கள் கட்டிய வட்டி, பணம் போட்டவர்களுக்குக் கொடுத்த வட்டிக்குப் போதவில்லை. துண்டு விழுந்ததை நிறுவனத் தரப்பு தன் கையிருப்பிலிருந்து நிரப்பிக்கொண்டிருந்தது. மே மாதத்தில் சிலர் பெரிய அளவில் யுஎஸ்டியை விற்கத் தொடங்கினார்கள். விற்க விற்க லூனா அச்சாகிக்கொண்டே போனது. சுமார் 35 கோடியாக இருந்த லூனாவின் எண்ணிக்கை சில நாளில் 6 லட்சம் கோடியைத் தாண்டியது. ஏப்ரலில் 100 டாலருக்கு மேல் விற்ற லூனா ஒரு காசுக்கும் பெறாமல் போனது. ஏறத்தாழ 4,000 கோடி அமெரிக்க டாலர் மதிப்பு ஒரே வாரத்தில் காணாமல் போயிற்று. டோ குவான் 2023 மார்ச்சில் மாண்டினீக்ரோவில் பிடிபட்டார். 2025 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

சரிவு அதோடு நிற்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து வளர்ந்த த்ரீ ஆரோஸ் கேப்பிட்டல் என்ற நிதி நிறுவனம், கடன்மேல் கடன் வாங்கிக் கிரிப்டோவில் போட்டிருந்தது. ஜூன் மாதம் அது திவாலானது. அதன் நிறுவனர்களில் ஒருவரான சூ ஜூ 2023 செப்டம்பரில் சாங்கி விமான நிலையத்தில் கைதானார். அடுத்து வால்டு. இந்தியர்கள் நிறுவி, சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு, இந்திய வாடிக்கையாளர்களை நிறைய வைத்திருந்த தளம். ஜூலை 4 அன்று பணம் எடுப்பதை நிறுத்தியது. ஆகஸ்டில் ஹோட்ல்நாட் என்ற சிங்கப்பூர்த் தளமும் நிறுத்தியது. இந்த இரண்டிலும் பணம் போட்டவர்கள் பலர் தங்களைச் சூதாடிகளாக நினைத்துக்கொண்டவர்கள் கிடையாது. வங்கியில் வைப்புத்தொகை போடுவதுபோல, கொஞ்சம் கூடுதல் வட்டிக்குப் போட்டவர்கள். வங்கியில் போட்டிருந்தால் சிங்கப்பூரில் ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 1,00,000 வெள்ளி வரை இப்போது வைப்புக் காப்புறுதி உண்டு. கிரிப்டோ தளத்தில் போட்ட பணத்துக்கு அது கிடையாது. அந்த வித்தியாசம் பலருக்குப் பணம் முடங்கிய பிறகுதான் புரிந்தது.

இந்த ஊருக்கு இது புதுசும் கிடையாது. 1970களின் தொடக்கத்தில் ஜெமினி சீட்டு நிறுவனம் சரிந்தபோது சிறுகச் சிறுகக் கட்டிய ஆயிரக்கணக்கானவர்கள் பணத்தை இழந்தார்கள். சீட்டு பிடிப்பது தவறான காரியமாக அப்போதும் இருக்கவில்லை. தெரிந்தவர்களுக்குள் சீட்டு நடப்பது தமிழர் வாழ்க்கையில் பழக்கமானது. எல்லாருடைய பணமும் ஒரு இடத்தில் குவிந்து, அதை வைத்திருப்பவர் வேறு எதிலோ போடும்போது அது ஆபத்தாகிறது. 2022-இல் கணினி புதிது, செயலி புதிது, நடந்த காரியம் பழையது.

பெரிய கைகளும் இதில் தப்பவில்லை. எஃப்டிஎக்ஸ் என்ற பரிமாற்றத் தளம் 2022 நவம்பரில் திவாலானபோது, சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக், தான் அதில் போட்டிருந்த 27.5 கோடி அமெரிக்க டாலர் முழுவதையும் இழப்பாக எழுதிவிட்டது. எட்டு மாதம் ஆய்வு செய்த பிறகு போட்ட பணம் அது. தெமாசெக்கின் மொத்தச் சொத்தில் அது மிகச் சிறிய துளி, அதனால் அந்த அடியைத் தாங்கிக்கொண்டது. அத்தனை வல்லுநர்கள் அத்தனை மாதம் பார்த்தும் தெரியாத ஓட்டை, இரவு வேலை முடிந்து கைபேசியில் செயலியைத் திறப்பவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சிங்கப்பூர் நாணய ஆணையம் இந்த விஷயத்தில் எடுத்த நிலை கவனிக்க வேண்டியது. தடை போடவில்லை, கொண்டாடவும் இல்லை. பணச் சேவைச் சட்டம் 2020 ஜனவரியில் நடப்புக்கு வந்து, கிரிப்டோ நிறுவனங்களுக்கு உரிமம் வேண்டும் என்றானது. 2022 ஜனவரியில், டெர்ரா சரிவதற்கு நான்கு மாதம் முன்பே, பொது இடங்களில் கிரிப்டோ சேவைக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று ஆணையம் அறிவித்தது. ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம், நாளிதழ் எதிலும் கூடாது. கிரிப்டோ ஏடிஎம் இயந்திரங்களும் அதோடு நின்றுபோயின. அவசரத்தில், யோசிக்காமல், போகிற போக்கில் வாங்க வைக்கும் என்பது அதற்குச் சொன்ன காரணம். அப்போதைய நிர்வாக இயக்குநர் ரவி மேனன் அந்த ஆகஸ்டில் பேசிய பேச்சின் தலைப்பிலேயே கொள்கை முழுவதும் இருந்தது: மின்னிலக்கச் சொத்துகளின் புத்தாக்கத்துக்குச் சரி, கிரிப்டோ ஊக வணிகத்துக்கு இல்லை. ஆணையத்தின் தலைவராக இருந்த தர்மன் சண்முகரத்னமும் பொதுமக்களுக்கு இது ஏற்றதில்லை என்று நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் சொல்லிவந்தார்.

2023 நவம்பரில் இன்னும் கடுமையான விதிகளை ஆணையம் அறிவித்தது. சிங்கப்பூரில் வழங்கிய கடன் அட்டையில் கிரிப்டோ வாங்க அனுமதிக்கக்கூடாது. கடன் கொடுத்து வாங்க வைக்கக்கூடாது. சேர்ந்தால் இலவச நாணயம், நண்பரை அழைத்து வந்தால் பரிசு என்பது கூடாது. ஆபத்து தெரிந்தவரா என்று கேள்வி கேட்டுச் சோதித்த பிறகே கணக்கு. வாடிக்கையாளர் நாணயத்தைத் தன் நாணயத்தோடு கலக்காமல் தனியாகப் பாதுகாக்க வேண்டும், சிறு முதலீட்டாளரின் நாணயத்தை வாங்கி வட்டிக்கு விடும் வேலையை எளிதாக்கிக் கொடுக்கக்கூடாது என்பது அதே வருடம் ஜூலையிலேயே சொல்லப்பட்டது. இந்த விதிகளில் பலவற்றை 2022-இல் விழுந்த ஏதோ ஒரு நிறுவனத்தோடு பொருத்திப் பார்க்க முடியும். 2025 ஜூன் 30 முதல், சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மட்டும் சேவை செய்யும் நிறுவனங்களும் உரிமம் பெறவேண்டும், இல்லாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். பெயர் சிங்கப்பூருடையது, இழப்பு வேறு ஊர்க்காரருடையது என்ற நிலையை முடிக்க இது வந்தது. உரிமம் இருக்கிறது என்பதால் நாணயத்தின் விலை விழாது. உரிமம் நிறுவனத்தின் ஒழுங்கைத்தான் பார்க்கிறது.

வாசிர்எக்ஸ் விவகாரத்தில் தமிழ்நாடும் சிங்கப்பூரும் நேராகவே சந்தித்துக்கொண்டன. இந்தியாவின் பெரிய கிரிப்டோ தளங்களில் ஒன்று அது. 2024 ஜூலை 18 அன்று அதன் பெட்டகம் ஒன்றிலிருந்து 23 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் திருடு போனது. தளத்தின் மொத்தச் சொத்தில் அது பாதிக்குக் கொஞ்சம் குறைவு. வடகொரியாவைச் சேர்ந்த ஊடுருவிகளின் வேலை என்று அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் பின்னர் கூட்டாக அறிவித்தன. தளத்தின் தாய் நிறுவனமான ஸெட்டாய் சிங்கப்பூரில் பதிவானது. அதனால் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கணக்கு வைத்திருந்தவர்கள் பணம் எப்போது கிடைக்கும் என்று சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறி நடுவில் ஒரு தடவை மாறினால் இரண்டாவது நிறுத்தம் அந்த நீதிமன்றம். முதலில் கொண்டுவந்த சீரமைப்புத் திட்டத்தை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்கவில்லை. திருத்திய திட்டத்துக்கு அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. ஒன்றேகால் வருடம் பணம் முடங்கிக் கிடந்தது.

திருடு போனவை ஒரு வகையைச் சேர்ந்த நாணயங்கள் மட்டுமே. ஆனால் நட்டத்தை எல்லா வாடிக்கையாளர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றது நிறுவனம். இதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒருவர் போனார். அவரிடம் இருந்தது 3,532 எக்ஸ்ஆர்பி நாணயங்கள். அவை திருடு போன வகையைச் சேர்ந்தவை கிடையாது. 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் கையால் தொடக்கூடிய பொருளும் இல்லை, பணமும் இல்லை, ஆனாலும் அது சொத்துதான், ஒருவர் அனுபவிக்கவும் இன்னொருவரின் பொறுப்பில் வைக்கவும் கூடிய சொத்து என்று சொல்லி இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார். இதே கேள்வியை இரண்டு வருடம் முன்பு, 2023 ஜூலையில், சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிலிப் ஜெயரத்தினம் சந்தித்து, கிரிப்டோ சொத்துதான் என்ற அதே முடிவுக்கு வந்திருந்தார். திருட்டுக் கொடுத்தவருக்கும், நிறுவனம் திவாலான பின் வரிசையில் நிற்பவருக்கும் இந்தத் தீர்ப்புகள் பெரிய பிடிமானம். சொத்து என்று சட்டம் ஏற்றுக்கொள்வது வேறு, அதற்கு விலை இருக்கும் என்று உறுதி கொடுப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி, "கோர்ட்டே ஒப்புக்கொண்டது" என்று விற்கவருபவர்களிடம் எச்சரிக்கை வேண்டும்.

தளத்தை நம்பாமல் நாணயத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளலாமே என்றால், வைத்துக்கொள்ளலாம். அப்போது பெட்டகத்தின் சாவி 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களாகக் கிடைக்கும். அதை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். தாள் தொலைந்தால் நாணயமும் தொலைந்தது, யாரிடமும் போய் முறையிட முடியாது. தாளை இன்னொருவர் படம் எடுத்துவிட்டாலும் அப்படித்தான். ஒரு அறையில் பத்துப் பேருக்கு மேல் தங்கும் தொழிலாளர் விடுதியில், ஒரு அலமாரியும் ஒரு பெட்டியும்தான் தனக்கென்று உள்ளவருக்கு இது எவ்வளவு சிரமம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கிரிப்டோவுக்கு உண்மையான பயன் உண்டு என்று வாதிடுபவர்கள் முதலில் எடுப்பது ஊருக்குப் பணம் அனுப்புவதை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியாவின் பணம் அனுப்பும் கடைகளில் வரிசை நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வாதம் சரியென்றே படும். கண்ணாடிக்குப் பின்னால் அன்றைய ரூபாய் விலை ஒளிரும், பக்கத்துக் கடையில் ஐந்து காசு கூட என்று ஒருவர் வரிசையை விட்டு ஓடுவார். நடுவர் இல்லாமல் நொடியில் பணம் போய்ச் சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அது நடந்தது, ஆனால் கிரிப்டோவால் நடக்கவில்லை. 2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ என்ற இரண்டு உடனடிப் பணப் பரிமாற்ற முறைகளும் இணைந்தன. கைபேசி எண்ணோ யுபிஐ முகவரியோ தெரிந்தால் போதும், ஊர்க் கணக்கில் அப்போதே பணம் விழும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தொடக்கத்திலேயே இதில் இருந்தன. தொடங்கியபோது நாளொன்றுக்கு 60,000 ரூபாய், ஏறத்தாழ 1,000 வெள்ளி வரை என்று வரம்பு இருந்தது. மாதச் சம்பளத்திலிருந்து வீட்டுக்கு அனுப்புபவருக்கு அது போதுமானது. அனுப்பும் நேரத்துக்கும் சேரும் நேரத்துக்கும் நடுவில் விலை சரியும் என்ற பயம் கிடையாது.

பணமாகப் பயன்படுமா என்ற சோதனையை ஒரு நாடே செய்து பார்த்தது. எல் சால்வடோர் 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படியான பணமாக்கியது. 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, கடைக்காரர் விரும்பினால் வாங்கலாம், கட்டாயமில்லை என்று பின்வாங்கியது. டாலர் போன்ற பணத்தின் மதிப்பிலேயே நிற்க வேண்டிய ஸ்டேபிள்காயின் என்ற வகைக்கு மட்டும் இந்தப் பக்கத்தில் கொஞ்சம் எதிர்காலம் தெரிகிறது. வெளியிட்ட நாணயத்துக்கு ஈடான ரொக்கத்தையும் பத்திரத்தையும் முழுதாகக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும், கேட்டால் ஐந்து வேலை நாளுக்குள் முகமதிப்பைத் திருப்பித் தரவேண்டும் என்று நாணய ஆணையம் 2023 ஆகஸ்டில் ஒரு கட்டமைப்பை வகுத்தது. டெர்ராவில் இல்லாமல் போனது இந்தக் கையிருப்புதான். ஆனால் ஒழுங்கான ஸ்டேபிள்காயின் விலை ஏறாது, ஏறவும் கூடாது. அது பணம் அனுப்பும் கருவி. முதலீடு என்று யாராவது அதை விற்றால் அங்கேயே ஏதோ தவறு இருக்கிறது.

முதலீடு என்ற பேச்சே இல்லாமல், கிரிப்டோ என்ற சொல்லை மட்டும் வைத்து நடக்கும் திருட்டு தனிக் கதை. 2024-இல் சிங்கப்பூரில் மோசடிகளில் போன பணம் 110 கோடி வெள்ளி. அதில் ஏறத்தாழ கால் பங்கு கிரிப்டோவாகப் போனது. முறை எப்போதும் ஒன்றுதான். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு குழுவில் சேர்ப்பார்கள். குழுவில் நாற்பது ஐம்பது பேர் தினமும் லாபக் கணக்கைப் படமாகப் போடுவார்கள், அவர்களில் பெரும்பாலோர் மோசடிக்காரர்களின் ஆட்களே. முதலில் 100 வெள்ளி போடச் சொல்வார்கள். மூன்று நாளில் 130 ஆக உண்மையிலேயே வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரும். அந்த 30 வெள்ளிதான் தூண்டில் புழு. அடுத்து 5,000 போட்டதும் திரையில் 20,000 தெரியும், எடுக்கப் போனால் முதலில் வரி கட்டு என்பார்கள், கட்டினால் கணக்கைத் திறக்கக் கட்டணம் என்பார்கள். கடைசியில் குழுவே இருக்காது. லாபத்தை எடுக்க மேலும் பணம் கட்டச் சொல்லும் இடம் எதுவாக இருந்தாலும் அது மோசடி. இதற்கு விதிவிலக்கு கிடையாது.

அப்படியானால் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பவர் எங்கே வைப்பது? சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தை 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம். எந்த மாதம் வேண்டுமானாலும் முதல் குறையாமல் எடுக்கலாம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கிலேயே குறைந்தது 2.5 விழுக்காடு வட்டி வருகிறது. பங்குச் சந்தைக் குறியீட்டு நிதிகள் இருக்கின்றன, அவையும் விழும், ஆனால் உள்ளே நிறுவனங்கள் சம்பாதித்துக்கொண்டிருக்கும். இவையெல்லாம் இருந்தும், ஆறு மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் இருந்தும், கடன் எதுவும் இல்லாமலும், ஒரு சிறு தொகை முழுதாகப் போனாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலையிலும் ஒருவர் பிட்காயின் வாங்கினால் அது அவர் விருப்பம். 2024 ஜனவரியில் அமெரிக்கா பிட்காயினை நேரடியாக வைத்திருக்கும் நிதிகளைப் பங்குச் சந்தையில் அனுமதித்த பிறகு, பெரிய நிதி நிறுவனங்கள் பலவும் அந்த மாதிரிச் சிறு பங்கைத்தான் ஒதுக்குகின்றன. அதை ஊகம் என்று தெரிந்தே செய்ய வேண்டும். கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ, ஊரில் வீடு கட்ட வைத்த பணத்தை எடுத்தோ செய்வதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

வரியும் ஒரு கணக்கு. சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி கிடையாது. அதனால் தனிநபர் நாணயத்தை வைத்திருந்து விற்றுக் கிடைத்த லாபம் பொதுவாக அப்படியே கையில் நிற்கும், வியாபாரமாகவே செய்பவருக்குத்தான் வருமான வரி. ஒப்பந்தம் முடிந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பி, இந்தியாவில் வசிப்பவராகக் கணக்கில் வந்தபின் விற்றால் நிலைமை வேறு. 2022 ஏப்ரல் முதல் இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30 விழுக்காடு வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொரு நாணயத்தின் லாபத்தில் கழிக்கவும் முடியாது, அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. அதே வருடம் ஜூலையிலிருந்து, வரம்புக்கு மேற்பட்ட விற்பனைக்கு லாபமோ நட்டமோ பார்க்காமல் ஒரு விழுக்காடு முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறார்கள். ஒன்றில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நட்டம் என்றால் கையில் மிச்சம் எதுவும் இருக்காது. வரி மட்டும் 30,000 ரூபாய், அதற்கு மேல் செஸ்.